யாரும் பதில் போட வேண்டாம்

என் போன் எப்போது சத்தம் போட வேண்டும் என்பதை நான்தான் தீர்மானிப்பேன். இதைச் சொல்லும்போது எங்கள் அலுவலகத்தில் சிலருடைய முகம் இன்றைக்கும் சுருங்கும். சுருங்கட்டும். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அவர்கள் பேசிக்கொள்வதும் என் காதுக்கு வரத்தான் செய்கிறது. ஒரு மழைக்காலத்தைத் தாண்டி வந்த பிறகு அந்தப் பேச்சையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை.

ஹல்துமுல்லைப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் நான் கிளாக்கர். பிறந்ததும் இதே தோட்டத்தில்தான், மேக்கணக்கு லயத்து வரிசை வீடுகளில். தோட்டத்தின் மேல் பிரிவை நாங்கள் மேக்கணக்கு என்போம். அப்பா இன்னும் அங்கேதான், நான் பிறந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருக்கிறார். அலுவலகத்துக்குப் பக்கத்தில் எனக்குக் குவாட்டர்ஸ் கிடைத்தபோது அவரையும் கூப்பிட்டேன். "அங்க வந்து நான் என்னா செய்யிறது? காலையில எந்திரிச்சா பேச ஒரு ஆளு இருக்கா?" என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. குவாட்டர்ஸ் பக்கம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர்கள். ஆனால் அந்த லயத்துக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக ஒரு மலைச் சரிவு நிற்கிறது. மீரியபெத்தையில் மலை சரிந்து லயத்தையே மூடிய பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் மழையை வெறும் மழையாகப் பார்ப்பதில்லை. என் அப்பாவைத் தவிர.

எங்கள் தோட்டத்து வேலையெல்லாம் இப்போது போனில் ஒரு குரூப்புக்குள்தான் நடக்கிறது. தோட்டத்தை நடத்தும் தொரை, அவருக்கு அடுத்த சின்னத்தொரை, கிளாக்கர்மார், கணக்கப்பிள்ளைகள், தொழிற்சங்கத் தலைவர்மார், லொறி டிரைவர், டிஸ்பென்சரிக்காரர், மேக்கணக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவின் ஆயம்மா என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நாளைக்கு எந்த மலையில் கொழுந்து, லொறி எத்தனை மணிக்கு, மருந்து வந்துவிட்டதா, எல்லாம் அங்கேதான். அது நல்ல விஷயம். முன்பெல்லாம் ஒரு தகவல் மேக்கணக்குக்குப் போய்ச் சேர ஒரு ஆள் மூச்சு வாங்க ஏற வேண்டும்.

கெட்ட விஷயம் என்னவென்றால், எங்கள் ஆட்களுக்கு மரியாதை அதிகம். காலையில் விடிந்ததும் ரோஜாப்பூவோடு ஒரு வணக்கம். செவ்வாய்க்கிழமை முருகன், வெள்ளிக்கிழமை அம்மன், பௌர்ணமிக்கு வரும் போயா தினத்தில் புத்தர். யாராவது ஒரு பிள்ளையாரைப் போட்டால் அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பிள்ளையாரைப் பார்த்துவிட்டுக் கும்பிடாமல் போக முடியுமா? அதற்கு மேல், தொரை ஒரு வரி எழுதிவிட்டால் போதும். "நோட்டட் சேர்", "ஓகே சேர்", "சரிங்க சேர்", "நன்றி சேர்" என்று குரூப்பில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கொரு பதில் போட்டாக வேண்டும். லொறி நேரத்தை மாற்றினால் லொறிக்கு சம்பந்தமே இல்லாத டிஸ்பென்சரிக்காரரும் "நோட்டட் சேர்" போடுவார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தொரை பேசினால் எல்லோரும் வாயைத் திறந்து சரி என்று சொல்லிப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கம் அப்படியே போனுக்குள் ஏறிக்கொண்டது.

நான் கொழுந்து நிறை பதிகிற நேரத்தில் இந்த மரியாதையெல்லாம் மேசைமேல் டிங், டிங் என்று வந்து விழும். எடுத்துப் பார்க்காமல் இருக்க மனம் கேட்காது. பார்த்துவிட்டுத் திரும்பினால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. ஒருவர் பறித்த கொழுந்தை இன்னொருவர் பேரில் போட்டுவிட்டு, அதைத் திருத்த அரை நாள் போகும். எரிச்சலாக இருந்தாலும் எல்லோரையும் போல நானும் "நோட்டட் சேர்" போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

தொரையின் பிறந்தநாள் வந்தது. ஐப்பசி அடைமழை. அன்று காலையிலிருந்து குரூப்பில் கேக்தான். மூன்றடுக்குக் கேக், இதய வடிவக் கேக், மெழுகுவர்த்தி எரியும் கேக். "பல்லாண்டு வாழ்க சேர்" என்று பெரிய கிளாக்கர் ஒரு நீண்ட வாழ்த்தே எழுதியிருந்தார். நானும் என் பங்குக்கு ஒரு கேக் போட்டேன். சாப்பாட்டு நேரம் தாண்டி, லொறி விவரம் ஒன்றைத் தேடி மேலே தள்ளிக்கொண்டு போனபோதுதான் இரண்டு கேக்குகளுக்கு நடுவில் ஆயம்மாவின் செய்தி கண்ணில் பட்டது.

"புள்ளக்காம்பராவுக்குப் பின்னால மலையிலருந்து சேத்துத் தண்ணி ஊறி வருது. புள்ளைங்கள வச்சிக்கிட்டு என்னா செய்யிறது?"

காலையில் போட்ட செய்தி. அதற்குக் கீழே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடனே போனில் ஆயம்மாவுக்குக் கோல் எடுத்தேன். அவர் நிதானமாகத்தான் பேசினார். யாரும் பதில் சொல்லாததால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்தும் இடுப்பில் தூக்கியும் கீழே கோயில் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே அக்கா?"

"நான்தான் குரூப்ல போட்டேனேம்மா. நீங்க எல்லாரும் கேக்கு போட்டுக்கிட்டு இருந்தீங்க. தொரையோட பொறந்தநாளு, நடுவுல போயி தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

அந்தச் சரிவு அன்றைக்கு அப்படியே நின்றது. அதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. அன்று சாயந்தரம் எனக்கு வந்த கோபம் லேசில் அடங்குகிற கோபமாக இல்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. ஒருவரும் கெட்டது செய்யவில்லையே. எல்லோரும் மரியாதை மட்டும்தான் செய்தார்கள்.

மறுநாள் முதல் வேலையாக என் போனைச் சீர்படுத்தினேன். பதுளையில் படித்த காலத்துச் சிநேகிதிகள் குரூப், சொந்தக்காரர் குரூப், சேலை விற்கும் குரூப் எல்லாவற்றின் வாயையும் மூடினேன். அலுவலகக் குரூப்பையும் மியூட்டில் போட்டேன். காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு தடவை, வேலை முடியும் முன் ஒரு தடவை, நானாகத் திறந்து பார்ப்பேன். பிறகு புதிதாக ஒரு குரூப் தொடங்கி அதற்கு "மழை" என்று பேர் வைத்தேன். அதற்கு மட்டும் சத்தம் உண்டு. போனில் இருப்பதிலேயே கர்ண கொடூரமான சத்தத்தைத் தேடிப் பிடித்து, எல்லோருடைய போனையும் வாங்கி நானே வைத்துக் கொடுத்தேன்.

அந்தக் குரூப்புக்கு ஒரே சட்டம். மலையில் தண்ணீர் ஊறினால், வெடிப்பு கண்டால், ஆட்களை எழுப்பிக் கூட்டிவர முடியாமல் போனால் எழுதலாம். வேறு எதற்கும் எழுதக்கூடாது. எச்சரிக்கை வந்தால் யாரும் பதில் போட வேண்டாம். சொன்னதைச் செய்தால் போதும்.

முதல் வெள்ளிக்கிழமையே ஒரு கணக்கப்பிள்ளை அம்மனைப் போட்டார். அழித்தேன். அடுத்த நாள் ஒருவர் பிள்ளையாரைப் போட்டார். பிள்ளையாரையும் அழித்தேன். அன்றைக்குத்தான் பெரிய கிளாக்கர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். என்னைவிட மூத்தவர், எனக்கு வேலை பழக்கியவர், கோயில் கமிட்டியிலும் இருப்பவர்.

"ஏம்மா, சாமி படத்தையே அழிக்கிறியே, கை கூசல?"

"சாமி மத்த குரூப்ல இருக்காருங்கய்யா. இது மழைக்கு மட்டும்."

"சரி, சாமிய விடு. தொரை ஒரு வார்த்த சொன்னா பதில் சொல்லாம இருக்கச் சொல்றியே, அது மரியாதையா? நாளைக்கு அவரு என்னா நெனப்பாரு? இந்த ஆளுங்க நம்மள மதிக்கலன்னு நெனக்க மாட்டாரு?"

அவர் கேட்டதில் உள்ள பயம் எனக்குப் புரிந்தது. எங்கள் அப்பாமார் காலத்தில் தொரைக்குப் பதில் சொல்லாமல் நின்றவன் அடுத்த நாள் பெரட்டில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதனால் நேராகத் தொரையிடமே போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன். கதவைத் தட்டிப் போய், "சேர், நீங்க மெசேஜ் போட்டு யாரும் பதில் போடலன்னா ஒங்களுக்குக் கோவம் வருமா சேர்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். அலுவலகக் குரூப்பை அவர் எப்போதோ மியூட்டில் போட்டிருந்தார். "தலவலி தாங்க முடியல. ஆனா அவங்ககிட்ட சொல்லிராதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க" என்றார்.

ஊரே திரண்டு இத்தனை நாளாக ஒரு ஊமைப் போனுக்கு மரியாதை செய்திருக்கிறது! சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்தேன். தொரைக்குச் சம்மதம் என்று மட்டும் பெரிய கிளாக்கரிடம் சொன்னேன். மற்றதை இன்றுவரை சொல்லவில்லை. அவர் நம்பவில்லை. நான் ஏதோ சொல்லி மயக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வழக்கமாக என் மேசையில் குடிக்கும் தேத்தண்ணிக் கோப்பையோடு சின்னக் கிளாக்கரின் மேசைக்குக் குடிபெயர்ந்தார். அவர் பேசாதது எனக்கு வலித்தது. ஆனாலும் சட்டத்தை நான் மாற்றவில்லை.

மழை விடவில்லை. பதுளையிலிருந்து மண்சரிவு எச்சரிக்கை வரும். தொரை "மழை" குரூப்பில் ஒரு வரி போடுவார். அந்தக் கொடூரச் சத்தம் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கேட்கும். மேக்கணக்கு ஆட்கள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு இறங்குவார்கள். ராத்திரி முழுக்க ஈரப் பாயில் படுத்துவிட்டு விடிந்ததும் திரும்பி ஏறுவார்கள். மலை இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு நாள் கழித்து மறுபடி சத்தம், மறுபடி மூட்டை. அப்பாவும் முதலில் எல்லோரோடும் இறங்கினார். அப்புறம் முனகிக்கொண்டு இறங்கினார். அப்புறம் ஒரு தடவை, எல்லோரும் போய் வெகு நேரம் கழித்து, ஆடி அசைந்து வந்து சேர்ந்தார். இது நல்லதற்கில்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

அன்றைக்கு மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அலுவலகத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்தோம். தகரக் கூரையில் விழுந்த மழையில் பக்கத்து மேசையில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. எச்சரிக்கை வந்தது. தொரை போட்டார். சத்தம் அலறியது. அதற்குப் பிறகு குரூப்பில் ஒரு எழுத்தும் இல்லை. ஒரு கும்பிடு இல்லை, ஒரு "நோட்டட்" இல்லை. நான் விரும்பிய அமைதி அதுதான். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு மறுபடி அலறியது. ஆயம்மா.

"எல்லாரும் எறங்கியாச்சு. கடைசிக் காம்பரா தாத்தா மட்டும் வரமாட்டேங்குறாரு. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். வாசல்லதான் நிக்கிறேன்."

கடைசிக் காம்பரா தாத்தா என் அப்பா. திரையில் அந்த ஒரு செய்திதான் இருந்தது. அதைக் காணாமல் இருக்க யாராலும் முடியாது. திரும்பத் திரும்ப அதையே படித்தேன். நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். வாரக்கணக்கில் என்னோடு பேசாத பெரிய கிளாக்கர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "என்னாம்மா பாத்துக்கிட்டு இருக்க? ஒடனே கோல் எடு" என்றார்.

எடுத்தேன். ஆயம்மா போனை அப்பாவிடம் கொடுத்தார்.

"அப்பா, எறங்குங்கப்பா."

"போன தடவயும் இதத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தியும் இதத்தான் சொன்னீங்க. சும்மா சும்மா எறங்கு, ஏறுன்னா என் முட்டி என்னாகிறது? நான் இங்கயே படுத்துக்கிறேன்."

கத்தினேன். கெஞ்சினேன். அன்றைக்கு மலையில் சேறு ஊறியதைச் சொன்னேன், பதுளையிலிருந்து பெரிய ஆட்களே சொல்கிறார்கள் என்று சொன்னேன். "ஆங், ஆங்" என்று மட்டும் பதில் வந்தது. அந்த "ஆங்" எனக்கு நன்றாகத் தெரிந்தது. காதில் விழுகிறது, உள்ளே போகவில்லை. சேலை விற்கும் குரூப்பை நான் எப்படி மூடி வைத்தேனோ, அப்படி அவர் எங்கள் எல்லோரையும் மூடி வைத்துவிட்டார். எத்தனை தடவை அலறினால்தான் என்ன, மூடியது மூடியதுதான். அப்படி மூடியதற்காக அவரைத் திட்ட எனக்கு வாயும் வரவில்லை. ஒன்றும் நடக்காமல் வந்துகொண்டே இருக்கும் சத்தத்தை மனிதன் வேறு என்ன செய்வான்?

நான் எழுந்து செருப்பை மாட்டினேன்.

"சரிப்பா. நீங்க இருங்க. நான் வாரேன்."

"எங்க வார?"

"மேல. ஒங்ககிட்ட."

"இந்த மழையிலயா? பாதையெல்லாம் வழுக்குது புள்ள."

"தெரியும்."

இதைத் தந்திரம் என்று பிறகு சிலர் மெச்சினார்கள். தந்திரம் இல்லை. குடையை எடுத்துவிட்டேன். பெரிய கிளாக்கரும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். அப்பா அங்கே இருக்கும்போது நான் இங்கே மேசையில் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான். நான் நடக்கிற சத்தம் போனில் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"நீ வராத. அங்கேயே நில்லு. நான் எறங்குறேன்" என்றார். குரலில் எரிச்சல். பின்னால் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரும் ஆயம்மாவும் நனைந்து வந்துகொண்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்ததும் முதலில் என் காலைத்தான் பார்த்தார். எங்கேயும் விழவில்லை என்று தெரிந்த பிறகு திட்ட ஆரம்பித்தார். திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

விடிந்து பார்த்தால் மலை அப்படியே நின்றது. அப்பா அதை எனக்குக் கை நீட்டிக் காட்டினார். "பாத்தியா, ஒரு கல்லு அசையல."

"அசையாம இருக்கட்டும்ப்பா. அதுக்குத்தானே கும்பிடுறோம்" என்றேன்.

அன்றைக்கே சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தேன். ஒன்றும் வராவிட்டால் எல்லோரும் நலம் என்று எப்படி நம்புவது? எங்கள் மலையில் மழை பலத்தால் சிக்னலும் படுத்துக்கொள்ளும். அதனால் எல்லோரும் வந்து சேர்ந்ததும் ஒரே ஒருவர், ஒரே ஒரு வரி போட வேண்டும். அந்த வேலையைப் பெரிய கிளாக்கரிடம் கொடுத்தேன். அவர் மண்டபத்தில் நின்று தலைகளை எண்ணிவிட்டு, "அனைவரும் வந்து சேர்ந்தனர் சேர். தங்கள் உண்மையுள்ள ஊழியர்கள் அனைவரின் சார்பிலும் வணக்கம்" என்று எழுதுகிறார். ஒரு வரி இரண்டு வரியாகிவிட்டது. அதை நான் அழிப்பதில்லை. தேத்தண்ணிக் கோப்பையும் என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் எனக்குள் ஒரு பயம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை வந்துவிட்டார். மலையும் விழவில்லை. அடுத்த தடவை நான் வாரேன் என்று சொன்னால், அதுவும் இன்னொரு சத்தமாகிப் போகாதா? அதையும் அவர் மூடிவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் மறுபடி வானம் கறுத்தது. எச்சரிக்கை வரும் என்று தோன்றியதால், மண்டபத்தில் பாய் விரித்து வைக்கலாம் என்று முன்கூட்டியே போனேன். மழை அப்போதுதான் தூறலாக ஆரம்பித்திருந்தது. மண்டபத்து மூலையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் துணி மூட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். வேறு ஒருவரும் வந்திருக்கவில்லை.

"என்னாப்பா, இன்னும் ஒண்ணுமே சொல்லலையே?"

"சொன்னா ஒடனே நீ மேல ஏறிருவ" என்றார். "அதான் முன்னாடியே வந்துட்டேன்."